அம்மாள் காட்டிய தலைவி

"இன்னொருக்கா எண்ணினாலும் பதினேழுக்குப் பதினேழுதான் வரும். திருவுளச் சீட்டுப் போடுவம். அம்மாளே சொல்லட்டும்," என்று எழுந்து நின்றாள் நிலாந்தினி.

புளியங்கூடல் பனை உற்பத்தி மாதர் சங்கத்துக்குத் தலைவியைத் தெரிவுசெய்யும் கூட்டம், அம்மன் கோயில் மண்டபத்தில் காலையிலிருந்து இழுபட்டுக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் பதினான்கு வருடமாகத் தலைவியாக இருக்கும் அன்னபூரணம். மறுபக்கம் செயலாளர் சீதேவி.

பெண்கள் பனங்கிழங்கைக் காயவைத்துச் செய்யும் ஒடியலையும் பனங்கட்டியையும் பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டியையும் தலைவி ஒன்றாகச் சேர்த்து, பட்டணத்து முதலாளி ஒருவரின் லொறியில் ஏற்றிவிடுவாள். அவர் சொன்னதே விலை. அது போதாது என்றாள் சீதேவி. நயினாதீவுக்குப் படகேற வருகிறவர்கள் கூடும் குறிகட்டுவானில் சங்கமே கடை போடவேண்டும், எல்லோரும் முறை வைத்து நிற்கவேண்டும், தலைமையும் வருடத்துக்கு வருடம் கைமாறவேண்டும் என்பது அவளுடைய திட்டம்.

"வெறுங்கையோட தொடங்கின சங்கம் இது. லொறியை விட்டிட்டு, மாரி மழைக்குள்ள ஆரிட்ட விக்கப்போறியள்?" என்றாள் அன்னபூரணம்.

"உங்களைக் குறை சொல்லேல்லையக்கா. முழுப் பாரத்தையும் நீங்கள் தனியச் சுமக்கிறியள் எண்டுதான் சொல்லுறன்."

"கடையில நாள் முழுக்க நிக்க என்ர முழங்காலுக்கு ஏலுமோ?"

"உங்கட முறைக்கும் நான் நிக்கிறன். நீங்கள் கதிரையில இருந்து விலை சொல்லுங்கோ, போதும்."

"அக்கா விலை சொன்னா வந்த படகும் திரும்பிப் போயிடும்," என்றாள் நிலாந்தினி. மண்டபம் சிரித்தது. அன்னபூரணம் மட்டும் சிரிக்காமல் சீதேவியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தோற்கிற பக்கம் இனிச் சங்கப் படி மிதிக்காது என்ற முணுமுணுப்பு சீதேவியின் காதில் விழுந்தபடியே இருந்தது. சங்கம் இரண்டாகப் போனால், இதை நம்பி அடுப்பெரிக்கும் பெண்கள் எங்கே போவார்கள்? ஆனால் அம்மாள் சொன்னால் ஒருவரும் முகம் முறிக்கமாட்டார்கள்.

சீட்டு எழுதுவது செயலாளர் வேலை. தூணோடு திரும்பி நின்று, இரண்டு துண்டுகளில் எழுதிச் சுருட்டினாள். விரல்கள் வியர்த்து மை கசிந்தது. 'பிழையெண்டால் பொறுத்துக்கொள் தாயே.'

ஐயர் சீட்டுகளை அம்மன் காலடியில் வைத்துத் தட்டில் எடுத்து வந்தார். "ஆர் எடுக்கிறது?"

"தலைவியே எடுக்கட்டும்," என்றாள் சீதேவி. கொஞ்சம் அவசரமாகவே சொல்லிவிட்டோமோ என்று தோன்றியது. அன்னபூரணம் ஒன்றை எடுத்தபின், தட்டில் மிஞ்சிய சீட்டிலிருந்து சீதேவியால் கண்ணை எடுக்க முடியவில்லை.

அன்னபூரணம் சீட்டைப் பிரித்து, கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"என்னக்கா, கண்ணாடி வேணுமோ?" என்றாள் நிலாந்தினி.

"என்ர கண்ணுக்கு ஒண்டுமில்லை." சீட்டை மடக்கிக்கொண்டே பெயரை வாசித்தாள். "சீதேவி."

ஒரு பக்கம் கை தட்டியது. சற்றுப் பொறுத்து மறுபக்கமும் தட்டியது.

"மற்றச் சீட்டையும் ஒருக்கா விரிச்சுப் பாப்பமே," என்று கை நீட்டினாள் நிலாந்தினி.

"ஏன், அம்மாளை நம்பேல்லையோ நீ?" என்று அதட்டிய அன்னபூரணம், இரண்டு சீட்டுகளையும் கற்பூரத்தில் போட்டாள். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து, உறுப்பினர்களோடு உறுப்பினராகத் தரையில் உட்கார்ந்தாள். "கடைக்கு எண்டைக்கு நாள் பாக்கிறது, தலைவி?"

சீதேவி கற்பூரத்தில் கருகும் சீட்டுகளைப் பார்த்தாள். சங்கம் உடையக்கூடாதென்று, இரண்டு சீட்டிலும் அவள் எழுதியிருந்தது அன்னபூரணத்தின் பெயரை.