ஜெனிட்டாவின் எண்

இறந்தவர்களின் பெயரைப் பெரிய பகா எண்களுக்கு வைப்பது அப்போது வழக்கம். ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதாலும் வகுபடாத எண் அது. சாலை விபத்தில் இறந்த மகள் ஜெனிட்டாவின் பல்லாயிரம் இலக்க எண்ணைப் புத்தகமாக அச்சிட்டு, புஷ்பம் தினமும் ஒரு பக்கம் வாசித்துவந்தாள்.

எண் பதிவகத்திலிருந்து வந்த கபிலன் தயங்கினான். “மறுபடி சோதிச்சோம்மா. அது பகா எண் இல்ல. ரெண்டு பகா எண்ணைப் பெருக்கினா வர்றது. ஒண்ணு பெருசு, இன்னொண்ணு சின்னது. பேரை எடுத்தாகணும்.”

புஷ்பம் புத்தகத்தை மூடிவைத்தாள்.

“பெருசுக்கு அவ பேரையே வைங்க தம்பி. சின்னதை எனக்கு எழுதிக் குடுங்க. போகும்போது அவ அஞ்சு மாசம் கர்ப்பமா இருந்தா.”

கபிலன் பதினோரு இலக்கங்களை எழுதிக் கொடுத்தான். அவள் விரல் வைத்து மெதுவாக வாசித்தாள். அது ஒரு வரி நீளம்கூட வரவில்லை.