கேள்வி கேட்கப் போன நடிகை

நடிகை கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவே இல்லை. இவளோடு உட்கார்ந்து காபி குடிப்பதை யாராவது பார்த்துத் தொலைத்தால் மானம் என்ன ஆவது?

எதிரே இருந்தவள் பணம் வாங்கிக்கொண்டு பெரிய பணக்காரர்களுக்குத் துணையாகப் போகிறவள். அடுத்த படத்தில் நடிகைக்கு அப்படியொரு வேடம். முதன்முதலாகக் கதாநாயகி. நேரில் பேசித் தெரிந்துகொள் என்று இயக்குநர்தான் அனுப்பியிருந்தார்.

வந்தவளோ உதட்டுச் சாயம்கூட இல்லாமல் கணக்கு டீச்சர் மாதிரி இருந்தாள். நடிகைக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஆனாலும் ஆர்வம் விடுமா? என்ன உடுத்துவீர்கள், என்ன பேசுவீர்கள் என்று குடைந்து குடைந்து கேட்டாள்.

உடுப்பைப் பணம் கொடுப்பவர்களே சொல்லிவிடுவார்களாம். பேச்சு பெரும்பாலும் முழங்கால் வலி, மருமகள் மேல் குறை. பேசித் தீர்த்துவிட்டுத் தூங்கிப் போகிறவர்களும் உண்டாம்.

"இதுல எது ரொம்பக் கஷ்டம்?"

"ஜோக் சொல்லுவாங்க. போன தடவை சொன்ன அதே ஜோக். புதுசா கேக்கற மாதிரி சிரிக்கணும்."

நடிகைக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கொஞ்சம் அருவருப்பும்.

"நானா இருந்தா எழுந்து வந்துடுவேன். வேற பொழப்பா இல்ல?" என்று கேட்டேவிட்டாள்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. காபியை ஊதி ஊதிக் குடித்தாள்.

அப்போது நடிகையின் போன் அடித்தது. தயாரிப்பாளர். படத்துக்குப் பணம் போடுகிறவர் வந்திருக்கிறாராம். சாயங்காலம் அவருடைய ஓட்டல் அறையில் விருந்து. நீலக் கவுன் போட்டுக்கொண்டு வரவேண்டும்; அம்மாவைக் கூட்டிவர வேண்டாம். அந்த வேடத்துக்கு இன்னொருத்தியும் காத்திருக்கிறாள் என்பதை மட்டும் ஜோக் மாதிரி சொன்னார்.

நடிகை சிரித்தாள். "கண்டிப்பா வர்றேன் சார்."

போனைக் கீழே வைத்தாள். தயாரிப்பாளருக்கு மைக் வைத்த மாதிரிக் குரல். எதிரே இருந்தவள் ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருப்பாள். இப்போது நன்றாகக் குத்திக் காட்டப் போகிறாள் என்று நடிகை கூசிப் போனாள்.

அவளோ தன்னுடைய போனை எடுத்து நீட்டினாள்.

"உன் நம்பரை இதுல போடும்மா. எங்கள்ல யார் இந்த மாதிரி ரூமுக்குப் போனாலும், கொஞ்ச நேரத்துல இன்னொருத்தி கூப்பிட்டு நல்லா இருக்கியான்னு கேப்பா. உன்னை யாரு கூப்பிடுவா?"