மலைச்சாமியே இருக்கட்டும்

"இவரு வேணாங்கய்யா" என்று கூண்டுக்குள்ளிருந்து சோலைமலை சொன்னதும் அவருடைய வக்கீல் அருள்நாதனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஜூரிகள் தீர்ப்புச் சொன்ன காலம் அது. திண்டுக்கல் கோர்ட்டில் அன்று காலை ஜூரி பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். குமாஸ்தா பெட்டிக்குள் கைவிட்டுச் சீட்டு எடுத்துப் பெயர் வாசிப்பார். வேண்டாத ஆள் என்றால் காரணம் சொல்லித் தள்ளலாம். ஐந்து பேர் தேறிவிட்டால் விசாரணை ஆரம்பம்.

பீர் முகமதுவின் தோல் கிடங்கில் பூட்டை உடைத்துத் தோல் கட்டுகளைத் திருடியதாகச் சோலைமலை மீது வழக்கு. அவர் ரெட்டியார்சத்திரம் பக்கம் கத்தரிக்காய் போடுகிறவர். சந்தைக்கு வந்த இடத்தில், கிடங்கை ஒட்டி வண்டியை அவிழ்த்துவிட்டுப் படுத்ததுதான் வினை. காவல்காரன் இவரைக் கைகாட்டிவிட்டான்.

முதலில் வந்த கிதர் முகம்மதுவை அருள்நாதனே தள்ளிவிட்டார்.

"தோல் வியாபாரி. புகார் கொடுத்தவரும் தோல் வியாபாரி. ஆட்சேபிக்கிறேன்."

கிதர் முகம்மது சந்தோஷமாகக் கடை திறக்கப் போனார்.

அடுத்து வந்தவர் சித்தையன்கோட்டை சின்னக்கண்ணு. சோலைமலைக்கு மச்சினன் முறை. சர்க்கார் வக்கீலுக்கு அது தெரியாது. அருள்நாதன் உள்ளுக்குள் குளிர்ந்துபோய் உட்கார்ந்திருந்தபோதுதான், சோலைமலை வேணாம் என்றார்.

அருள்நாதன் கூண்டருகே ஓடினார். "யோவ், அவன் உனக்காக உசிரையே விடுவான்யா. அதுக்குத்தான் வேணுங்கிறேன்."

"அதுக்குத்தாங்கய்யா வேணாங்கிறேன்."

வேறு வழியில்லாமல், உறவுக்காரர் என்று எழுந்து சொன்னார் அருள்நாதன். ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரை ஒருமுறை பார்த்தார். சின்னக்கண்ணு முகம் செத்துப்போய் வெளியேறினார்.

அப்புறம் நான்கு பேர் வந்தார்கள், உட்கார்ந்தார்கள். ஒருவர் பாக்கி.

"மலைச்சாமி" என்று வாசித்தார் குமாஸ்தா.

அருள்நாதன் துள்ளி எழுந்தார். சோலைமலை கூண்டிலிருந்து எட்டி அவருடைய கறுப்பு அங்கியைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, இவரே இருக்கட்டும்."

"பைத்தியமா உனக்கு? கிணத்துத் தண்ணிக்காக உன் மேல பத்து வருஷமா கேஸ் போட்டு இழுக்கிற ஆளுய்யா. அந்தக் கேஸையும் நான்தானே நடத்துறேன்."

"அவரேதான். அவருக்கும் எனக்கும் ஆகாதுங்கிறது வத்தலக்குண்டு வரைக்கும் தெரியும். அங்கதான் என் மக பொன்னழகுக்குப் பேசி வச்சிருக்கேன். கேஸு முடியட்டும்னு அவுக ஒதுங்கி நிக்கிறாக. மச்சினன் உக்காந்து விடுதலை குடுத்தா, சொந்தக்காரன் காப்பாத்திட்டான்னு சொல்லுவாக. மலைச்சாமி வாயால நான் திருடலைன்னு வரணுங்கய்யா. அப்பத்தான் எம்மகளுக்குக் கல்யாணம்."

"வரலைன்னா?"

சோலைமலை தோள்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"டிபன்ஸ் தரப்பில் ஆட்சேபம் உண்டா?" என்றார் ஜட்ஜ்.

"இல்லை" என்றார் அருள்நாதன். அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

மலைச்சாமி மீசையை நீவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். சர்க்கார் வக்கீல் முகத்தில் கல்யாணக் களை.

விசாரணை நடந்தது. அருள்நாதன் குறுக்கே குடைந்ததில், இருட்டில் முகம் தெரியவில்லை, தலைப்பாகையை வைத்துத்தான் சொன்னேன் என்று காவல்காரன் ஒப்புக்கொண்டான். கோர்ட்டிலேயே பாதிப்பேர் அதே மாதிரித் தலைப்பாகைதான் கட்டியிருந்தார்கள். ஆனாலும் அருள்நாதனுக்கு நம்பிக்கையில்லை. தலைப்பாகையா பெரிசு, தண்ணீர்த் தகராறு அல்லவா பெரிசு.

ஜூரிகள் உள்ளே போய்ச் செத்த நேரத்தில் திரும்பி வந்தார்கள். மலைச்சாமியைத்தான் தலைவராக்கியிருந்தார்கள். அவர் எழுந்தார். சோலைமலை கூண்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"இந்த ஆளு திருடலைங்க."

"குற்றவாளியா, இல்லையா? அதைச் சொல்லுங்கள்."

"இல்லைங்க. அஞ்சு பேருக்கும் அதே முடிவுதான்."

வாசல் டீக்கடையில் மலைச்சாமியைப் பிடித்துவிட்டார் அருள்நாதன். "எப்படிங்க உங்களுக்கு மனசு வந்துச்சு?"

"மனசாவது ஒண்ணாவது. எப்படா சிக்குவான்னு பத்து வருஷமா இவனைக் கண்கொத்திப் பாம்பாப் பாத்துக்கிட்டுக் கெடக்கேன். என் வரப்புல விழுந்த கத்தரிக்காயக்கூடத் தொட்டதில்ல. தொட்டிருந்தா விட்டிருப்பேனா? இவன் திருடன்னா, அது மொதல்ல எனக்கில்ல தெரியணும்?"

டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார். "தண்ணிக் கேஸை விட்டுட்டேன்னு நெனச்சுக்கிடாதீக. அடுத்த வாய்தாவுல பாக்கலாம்."

வக்கீலுக்குப் பின்னால் நின்றிருந்த சோலைமலை அவர் போன திக்கைப் பார்த்துக் கும்பிட்டார். கண் கலங்கியிருந்தாலும் சிரிப்பு வந்துவிட்டது. வத்தலக்குண்டு பஸ் எப்போது என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே சின்னக்கண்ணு ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய்க் காதோடு சொன்னார்:

"என்னைய வேணாம்னுட்டீகளே மச்சான். நீங்கதான் எடுத்திருப்பீகன்னு நெனச்சும் நான் விட்டுக் குடுத்திருப்பேனா? அது கெடக்கட்டும், தோலையெல்லாம் எங்க வச்சிருக்கீக?"