சாவியைத் திருப்பாத விலை

இருபதாயிரத்தில் பிடிவாதமாக நின்ற கருத்தப்பாண்டி, நான் சாவியைத் திருப்பச் சொன்னதும் பதினேழுக்கு இறங்கினார்.

நான் வாளையாரில் லாரி வாங்கி விற்கிறவன். எங்கள் வீட்டில் தாலிச் சரட்டைக்கூட இரண்டு கடையில் விலை கேட்டுத்தான் வாங்கினார்கள். நான் கேட்காமலே ஒருவர் மூவாயிரம் இறங்கினால், அங்கே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

ஆனைக்கரையில், ஏலக்காட்டை ஒட்டிய வீடு. எழுபத்தாறாம் வருடம், கார்த்திகை மாதக் காலை. தார்ப்பாயை விலக்கியதும் அந்த மூட்டத்திலும் வண்டி மின்னியது.

டாட்சன் கார். ஜப்பான்காரன் வேகத்துக்கென்றே செய்தது, இரண்டே சீட்டு. வெள்ளைக்கார மேனேஜர் ஒருவர் மலையில் கவிழ்த்துவிட்டுப் பழைய இரும்பு விலைக்குத் தள்ளிவிட்டுப் போனதை, எஸ்டேட் ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்த கருத்தப்பாண்டி மூன்று வருடம் உட்கார்ந்து எழுப்பியிருந்தார்.

கோயம்புத்தூரில் ஒரு மில்காரர் மகன் இருபத்தைந்தாயிரத்தோடு இதற்காகக் காத்திருந்தார். அதை நான் சொல்வேனா?

குறை தேடினேன். இடது சீட்டை ஆள் படுக்கிற நீளத்துக்கு இழுத்துப் பஞ்சு வைத்துத் தைத்திருந்தார். ஸ்பிரிங்கை இளக்கியிருந்தார். போதாததற்கு லாரி ஹார்ன்.

“ஏனுங்க, ரேஸ் வண்டிய மெத்தக் கட்டிலாக்கி வச்சிருக்கறீங்க?”

சிரிக்கவில்லை. “மதுரைக்கு ரெண்டே கால் மணி நேரம் மொதலாளி. தலை அலுங்காது” என்றார்.

“அத்தன அவசரமா மதுரைல என்னங்க வேலை?”

“இருந்துச்சு” என்றார்.

எஞ்சினைக் கேட்க வேண்டும் என்றேன். கீழே வளைவு வரை உருட்டிப் போய், அங்கே ஸ்டார்ட் செய்து பார்க்கச் சொன்னார். இங்கே மட்டும் வேண்டாமாம்.

“பள்ளத்துல உருட்டுனா எருமகூட ஸ்டார்ட் ஆகுமுங்க. நின்ன எடத்துல, ஆறுன எஞ்சின்லதான் கேக்கோணும்.”

உண்மையும் அதுதான். ஆறிக் கிடக்கிற எஞ்சின் பொய் சொல்லாது.

அவர் வீட்டுக் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

“பதினஞ்சு.”

நான் சாவியை நோக்கிக் கையை நீட்டினேன்.

“பதிமூணு மொதலாளி. கையெடுங்க.”

இன்னொரு முறை நீட்டினேன். பன்னிரண்டு.

அதற்குமேல் நீட்ட எனக்கே கூச்சமாக இருந்தது. பணத்தை எண்ணிக் கொடுத்தேன். அவர் எண்ணாமல் மடியில் கட்டிக்கொண்டார். வண்டியை வளைவு வரைக்கும் தள்ளியே கொண்டுபோவதாக என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டு, ஆர்.சி. புத்தகத்தை எடுக்க உள்ளே போனார்.

நான் வண்டிக்குள் உட்கார்ந்தேன். சாவி தொங்கியது.

எப்படிப்பட்ட ஓட்டை எஞ்சினை என் தலையில் கட்டியிருக்கிறார் என்று தெரிந்துகொள்ள வேண்டும் எனக்கு. திருப்பினேன்.

அரைத் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது. ஒரு இருமல் இல்லை, ஒரு நடுக்கம் இல்லை. இருபத்தைந்தும் கொடுக்கலாம். முப்பதும் கொடுக்கலாம்.

வீட்டுக் கதவு திறந்தது.

வந்தது அவர் மனைவி ராமுத்தாய். அவிழ்ந்த தலை, ஒரு காலில் மட்டும் செருப்பு. கக்கத்தில் ஃபிளாஸ்க், தோளில் கம்பளித் துண்டு. என்னைப் பார்க்கவே இல்லை. இடது கதவைத் திறந்து உட்கார்ந்தாள். மடியில் துண்டை விரித்தாள். ஒரு தலையைத் தாங்குகிற மாதிரி இடது கையை வளைத்து வைத்துக்கொண்டாள்.

கை வெறும் கை.

“என்னங்க, நின்னுக்கிட்டே இருக்கீங்க? உதடு நீலம் பூத்திருச்சு. எடுங்க வண்டிய.”

கருத்தப்பாண்டி புத்தகத்தோடு வாசலில் நின்றிருந்தார். நான் இறங்கினேன். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

பக்கத்தில் வந்து, அவளுக்குக் கேட்காத குரலில் சொன்னார்:

“ஆடியில பிள்ள போயிருச்சு மொதலாளி. இந்தச் சத்தம் கேட்டா ஆஸ்பத்திரிக்குக் கெளம்பிருவா. கொஞ்ச தூரம் போய் வந்தாத்தான் எறங்குவா. வண்டி இப்ப உங்களுது. ஒரு நடை எடுத்துக்கிடவா?”

தலையசைத்தேன்.

மெதுவாகப் போவார் என்று நினைத்தேன். மெதுவாகப் போனால் அவளுக்குத் தெரிந்துவிடும் போல. வண்டி பாய்ந்து போனது. ஏலக்காட்டுக்கு அப்பால் வளைவுக்கு வளைவு லாரி ஹார்ன் அலறியது. எதிரே வருகிறவர்கள் ஒதுங்கியிருப்பார்கள். அவர்களுக்குப் பழக்கமாக இருந்திருக்கும்.

கால் மணி நேரத்தில் திரும்பினார்கள். அவர் எஞ்சினை அணைத்தார். அவள் இறங்கி, துண்டை நாலாக மடித்து, ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நடை தளர்ந்திருந்தது. கதவைச் சாத்துகிற சத்தம்கூடக் கேட்கவில்லை.

அவர் மடியை அவிழ்த்து என் நோட்டுகளிலிருந்தே மூன்று பத்து ரூபாயை உருவி நீட்டினார்.

“குமுளி டாக்சிக்காரன் இந்தத் தூரத்துக்கு வாங்குறது.”

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். கை அதற்குள் வாங்கிவிட்டது.

பிறகு இரண்டு பேருமாக வண்டியை வளைவு வரைக்கும் தள்ளினோம்.

வாளையார் வந்து கணக்கு நோட்டைத் திறந்து எழுதினேன். ஜப்பான் வண்டி, பற்று பன்னிரண்டாயிரம். ஒரு நடை வாடகை, வரவு முப்பது.