வெட்ட இடமில்லை

மதிய வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலை ஒலிப்பதிவு மிக்ஸர் மேல் கோடுகோடாகப் போட்டிருக்கிறது. மகள் கணினித் திரையில் அம்புக்குறியை நிறுத்திக் காத்திருக்கிறாள். அப்பாவின் பழைய ஹார்ட் ராக் ஆல்பம், கப்பல் உலைக்குக் கரி அள்ளுகிறவனின் ஒரே நாளைச் சொல்லும் பத்துப் பாட்டு, முப்பது வருடம் கழித்து இணையத்தில் ஏறப்போகிறது. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே இடைவெளியே கிடையாது. அதனாலேயே அன்று எந்த ரேடியோவும் அதைத் தொடவில்லை. “பத்தா வெட்டிக் குடுத்துடலாம்பா. நாப்பத்தொரு நிமிஷம் ஒரே மூச்சுல யாரு கேப்பாங்க?” என்கிறாள். “முப்பது வருஷமா யாரும்தான் கேக்கல. நான் என்ன செத்தா போயிட்டேன்?” என்று அவர் ஒலியைக் கூட்டுகிறார். குமிழைத் திருகும் விரல் நுனியில் கிடார் கம்பி அழுத்திய காய்ப்பு இன்னும் கல்லாகத்தான் இருக்கிறது. மூன்றாம் பாட்டின் கடைசி கிடார் இழுப்பு அடங்காமல் உறுமிக்கொண்டே நான்காம் பாட்டுக்குள் புகுகிறது. மேஜையில் தேநீர்க் கோப்பை நடுங்குகிறது.

“சரி, எங்கதான் வெட்டட்டும்?” என்கிறாள் மகள். அவர் திரையைப் பார்க்கவில்லை. மேஜைக்கடியில் தன்பாட்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டிருக்கும் அவளுடைய வெறுங்காலைப் பார்க்கிறார். “உன் கால் நிக்கிற இடத்துல வெட்டு.”

நான்காம் பாட்டு முடிந்து ஐந்தாம் பாட்டு தொடங்குகிறது. கால் நின்றபாடில்லை.