லோரியில் இருந்த கத்தி

மலையூரான ரிங்லெட்டின் போலீஸ் சாலைத் தடுப்பில், காளியண்ணனின் லோரி இருக்கைக்கு அடியிலிருந்து நீளக் கத்தியை எடுத்தார் போலீஸ்காரர்.

“காரணம் இல்லாம இத வெச்சிருந்தா சட்டப்படி ஜெயில்தான்லா, அண்ணே.”

“தோட்டத்துல கோஸ் வெட்டறதுக்கு சார். சம்சாரத்தையே கேளுங்க.”

போலீஸ்காரர் வேலம்மாவிடம் திரும்பினார். “அப்படியாக்கா? வேலைக்குத்தான்னா நீங்க போலாம்.”

வேலம்மா கணவனைப் பார்க்காமல் சொன்னாள்.

“இல்லீங்க சார். எங்களுது பூத்தோட்டம். பூ வெட்ட கத்தரிதான்.”

“அடிப்பாவி!” என்று கத்திய காளியண்ணனுக்கு விலங்கு பூட்டி ஜீப்பில் ஏற்றினார்கள்.

ஜீப் கிளம்பியதும் வேலம்மா மகளைக் கைபேசியில் அழைத்தாள்.

“ரூபினி, அப்பாவப் போலீஸ் பிடிச்சிருச்சு. இனிமே அங்க வரமாட்டாரு. நீ மெல்வினக் கட்டிக்கிட்டது தெரிஞ்சதுலேர்ந்து, அவன வெட்டாம விடமாட்டேன்னு நின்னாரு. உன் புருஷன் தப்பிச்சான். உங்கப்பாவும் கொலகாரனாகாம தப்பிச்சிட்டாரும்மா.”

கைபேசியை வைத்துவிட்டுச் சாலையோரத்திலேயே உட்கார்ந்து அழுதாள்.