மெஷின் ஆறட்டும்

மறுபடியும் மெஷினை நிறுத்திவிட்டாள் அக்கா.

வரிசையில் முதலில் நின்றவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் வாசல்படி வரைக்கும் ஆட்கள். ஆபீஸ் போகிற இந்தக் கூட்டத்தை வைத்துத்தான் கடை பிழைத்தாக வேண்டும்.

“காபிக்கொட்டையைக் கண் முன்னாடியே அரைச்சு காபி தர்றோம்னு வெளியில எழுதிப் போட்டிருக்கீங்க. எப்போன்னு எழுதலையே,” என்றார்.

“சூடாயிடுச்சு சார். கொஞ்சம் ஆறட்டும்.”

அக்கா ஈரத்துணியை எடுத்து, ஏற்கெனவே துடைத்த இடத்தையே துடைத்தாள்.

வாசலோரம் கல்லாவில் இருந்த தம்பி பல்லைக் கடித்தான். கடை இரண்டு பேருக்கும் பொது. அவன் வெளியூரில் வேலை பார்த்துக்கொண்டு முதல் போட்டவன். அவள் இருந்த வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பவள். வியாபாரம் ஏன் ஏறவில்லை என்று பார்க்க லீவு போட்டு வந்திருந்தான். ஒரே காலையில் தெரிந்துவிட்டது.

வரிசையிலிருந்து இரண்டு பேர் கழன்று எதிர்க் கடைக்குப் போனார்கள்.

மெஷின் ஓடியது. நின்றது. மறுபடி ஓடியது.

தம்பி எழுந்து அவளிடம் போனான்.

“நேத்துதானேக்கா மெக்கானிக்கை அனுப்பினேன்? பிரிச்சுப் பாத்துட்டு ஒரு குறையும் இல்லைன்னானே.”

“அவனுக்கென்ன, சொல்லிட்டுப் போயிடுவான்.”

“கால் வலிக்குதுன்னா வலிக்குதுன்னு சொல்லு. மெஷின் மேல ஏன் பழி போடறே?”

“வலிக்குதுதான். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல.”

அவள் கணுக்கால்கள் வீங்கியிருந்தன. குரலில் சண்டை போடக்கூடத் தெம்பு இல்லை.

மெஷினுக்குக் கையெட்டும் தூரத்தில் ஒரு மேசை. ஓய்வுபெற்ற நாலு பேர், கடை திறந்ததும் வந்து உட்கார்ந்தவர்கள். கோப்பைகள் எப்போதோ காலி. ஒருவர் இந்த வெயிலிலும் கழுத்தில் மஃப்ளர் சுற்றியிருந்தார். முன்பு பஸ் நிலையத்தில் அறிவிப்பு சொல்லிக்கொண்டிருந்தவராம். மற்ற மூவருக்கும் அவர் ‘மைக்’.

தம்பி பார்ப்பதைப் பார்த்துவிட்டு மேசையிலிருந்த மொட்டைத்தலைக்காரர் கையை உயர்த்தினார்.

“இன்னொரு காபி சொல்லட்டுமான்னு கேக்க வர்றீங்க, அதானே தம்பி? டாக்டர் வேணாம்னுட்டார்.”

தம்பி சிரித்து வைத்தான். அக்கா பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினான்.

“இவங்களையாவது வெளி பெஞ்சுக்கு மாத்தேன்.”

“வெளியில பஸ் சத்தம்டா.”

“இருந்தா என்ன? இவங்க பேச்சை யாரு ரெக்கார்டா பண்ணப் போறாங்க?”

அக்கா ஏதோ சொல்ல வந்தாள். மேசையைப் பார்த்தாள். எது சொன்னாலும் அங்கே கேட்டுவிடுகிற தூரம். விட்டுவிட்டாள்.

“அடுத்த மாசத்துலேருந்து மெஷினுக்கு வேற ஆள் போட்டுடலாம்னு இருக்கேன்க்கா. நீ வீட்ல இரு. இப்படியே போனா கடையை மூட வேண்டியதுதான்.”

“இந்த இடத்தைத் தேடிப் புடிச்சது நான்டா,” என்றாள் அக்கா. “சரி. வர்ற ஆளுக்காவது ஒரு ஸ்டூல் வாங்கிப் போடு.”

“இப்ப நீ போய் கல்லாவுல உக்காரு. இதை நான் பாக்கறேன்.”

அவள் ஏப்ரனைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள். நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் கை எதையோ துடைத்துக்கொண்டிருந்தது.

தம்பி மெஷினை ஓட்டினான். நிறுத்தாமல் ஓட்டினான். சத்தம் சுவருக்குச் சுவர் நிறைந்தது. வரிசை மளமளவென்று நகர்ந்தது. வாசல்படி காலியானது. ‘பாத்தியா?’ என்பதுபோலக் கல்லாவைப் பார்த்தான்.

அக்கா அவனைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவனும் பார்த்தான்.

மைக் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு விரல்களை மஃப்ளருக்குள் விட்டுத் தொண்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு. உதடு அசைந்தது, அவ்வளவுதான். மொட்டைத்தலைக்காரர் காதைக் கிட்டே கொண்டுபோய், “என்னது?” என்றார். மைக் முதலிலிருந்து ஆரம்பித்தார். மொட்டைத்தலைக்காரர் புரிந்த மாதிரி தலையை ஆட்டிவிட்டு, மற்ற இருவர் பக்கம் திரும்பி மருமகன் வாங்கிய காரைப் பற்றி உரக்கப் பேசத் தொடங்கினார்.

மைக் வாயை மூடிக்கொண்டார். காலிக் கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டு வைத்தார். பிறகு குனிந்து, நாற்காலிக் காலில் சாய்த்திருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“ரெண்டு காபி. ஒண்ணுல சக்கரை கம்மியா.”

வரிசையில் ஒரு பெண். அவளுக்குப் பின்னால் திரும்பவும் கூட்டம் சேர்ந்திருந்தது. தம்பி கொட்டையை அள்ளிப் போட்டான். பட்டனில் விரலை வைத்தான்.

மைக்கின் விரல்கள் மறுபடி மஃப்ளருக்குள் போயின. தம்பி பட்டனிலிருந்து விரலை எடுத்துக்கொண்டான்.

“ஏங்க, மெஷின் ரிப்பேரா?” என்றாள் அந்தப் பெண்.

“சூடாயிடுச்சும்மா,” என்றான் தம்பி. “கொஞ்சம் ஆறட்டும்.”

ஈரத்துணியை எடுத்தான். மேசையில் ஒரு குரல், பஞ்சரான டியூபிலிருந்து காற்று போவதுபோல இழுத்து இழுத்து, தூக்கக் கலக்கத்தில் பஸ் நிறையப் பயணிகளோடு தன் வீட்டு வாசலில் போய் நிறுத்திய டிரைவரின் கதையைச் சொன்னது. தம்பி துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தான். மூன்று பேரும் சிரித்து ஓய்ந்த பிறகு பட்டனை அழுத்தினான்.